ஓடாத பையன்களின் கணக்கு

ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி எப்படி நடக்கிறது என்று கேட்டால், தலைமை ஆசிரியர் அறையில் இருக்கும் கண்ணாடி அலமாரியைத்தான் காட்டுவார்கள். குறுவட்டப் போட்டியில் வென்ற கபடிக் கோப்பை, மாவட்ட அளவில் குண்டு எறிதலுக்குக் கிடைத்த பதக்கம். ஆவடியை ஒட்டிய சேக்காடு, பட்டாபிராம் பக்கமானாலும் தென்மாவட்டக் கிராமமானாலும் அளவுகோல் இதுதான். அணியில் இடம்பிடித்த பத்துப் பன்னிரண்டு பேர் பள்ளியின் பெயரைக் காப்பாற்றிவிடுகிறார்கள். மிச்சமுள்ள பையன்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அவர்களை வைத்துத்தான் உடற்கல்வியை எடைபோட வேண்டும்.

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 146 நாடுகளின் 16 லட்சம் மாணவர்களைப் பற்றி 2019-இல் 'லான்செட்' குழும இதழில் வெளிவந்த ஆய்வின்படி, 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டுவதில்லை. பள்ளி, டியூஷன், கைபேசி என்று நாள் ஓடிவிடும் பையனுக்கு பி.டி. பீரியடை விட்டால் வேறு வழி கிடையாது. அந்த பீரியடையும் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். அன்றைய விளையாட்டுத் துறை அமைச்சர் உதயநிதி ஸ்டாலினே 2023-இல், அந்த பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

பீரியட் கிடைத்தாலும் ஆள் வேண்டுமே? 2012-இல் உடற்கல்வி, ஓவியம், தையல் உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. வேலை வாரத்துக்கு 3 அரை நாள். முழுநேர பி.டி. சார் இருக்கும் பள்ளியிலும், காலை வழிபாட்டில் வரிசையைச் சரிசெய்வது முதல் தாமதமாக வருபவனை வாசலில் நிறுத்துவது வரை எல்லாம் அவர் தலையில்தான். ஒரு பந்தைச் சுற்றி இருபது பேர் ஓட, மற்றவர்கள் மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ளவர்களுக்கு உலகத் திறனாய்வுத் தேர்வு நடக்கிறதே என்பார்கள். அது வேகமாக ஓடுபவனைப் பொறுக்கி எடுப்பதற்கானது. மெதுவாக ஓடுபவனை மேலே கொண்டுவருவது வேறு வேலை. அதற்கு கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீடு உதவும். 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டங்கள், தண்டால், உட்கார்ந்து முன்னால் கையை எட்டுவது, உடல் நிறை குறியீடு போன்றவை அதில் அடக்கம். ஜப்பான் 2008 முதல் ஐந்தாம், எட்டாம் வகுப்பு மாணவர்களை நாடு முழுக்க இப்படிச் சோதித்து முடிவுகளை வெளியிடுகிறது.

ஓர் எச்சரிக்கை தேவை. குண்டான பையனின் ஓட்ட நேரத்தை எல்லோர் முன்னாலும் வாசித்தால், அடுத்த முறை அவன் வயிற்றுவலி என்று லீவு போட்டுவிடுவான். ஜூன் மாதத்து அவனையும் பிப்ரவரி மாதத்து அவனையும் மட்டும் ஒப்பிட்டால் போதும்; பக்கத்தில் ஓடுபவன் வேண்டாம்.

திருவள்ளூர் மாவட்டக் கல்வி நிர்வாகம் ஆவடி வட்டாரத்து உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் இந்த மதிப்பீட்டை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம். எத்தனை பி.டி. பீரியட் உண்மையில் நடந்தது, எத்தனை பையன்கள் இறங்கி ஆடினார்கள், ஜூனைவிட எத்தனை பேர் முன்னேறினார்கள் என்ற மூன்று எண்களையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் முன் வைக்கச் சொல்லலாம். ஸ்டாப்வாட்ச், அளவு நாடா, எடை பார்க்கும் கருவி தவிரப் பெரிய செலவு ஏதுமில்லை.