கூட்டாளியைத் தேடுமுன்

புதிய சரக்கைத் தனித்து உருவாக்க இயலாத தொழிற்சாலைகள் தக்க கூட்டாளியைத் தேடிக்கொள்கின்றன. நம் சங்கங்கள் சிலவும் இவ்வழியில் இறங்க விரும்புகின்றன. இவ்விருப்பத்தை வரவேற்கிறோம், ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை.

ஒசூர் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துடன் 2013 ஏப்ரலில் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஜெர்மானியர் பெரிய மோட்டார் சைக்கிள்களில் பெயர் பெற்றவர். ஒசூரார் சிறிய வண்டியைச் சிக்கனமாகச் செய்வதில் தேர்ந்தவர். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. 500 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளைச் சேர்ந்து உருவாக்குவது, அவரவர் பெயரில் அவரவர் விற்பது என்று தொடக்கத்திலேயே வரையறுத்தனர். 2015 நவம்பரில் ஜெர்மானியரின் ஜி 310 ஆர் வண்டி காட்சிக்கு வந்தது. 2017 டிசம்பரில் டி.வி.எஸ்.ஸின் அப்பாச்சி ஆர்.ஆர். 310 வெளிவந்தது. இரண்டும் ஒசூரிலேயே உருவாயின.

நாம் பார்வையிட்ட நெசவாளர் சங்கம் ஒன்றின் அனுபவம் வேறு. "சேர்ந்து புதிய ரகம் போடுவோம்" என்றார் ஒரு மொத்த வியாபாரி. அங்கத்தினர் ஆறு மாதம் உழைத்துப் புதுக் கரை போட்டு மாதிரிச் சேலைகளைக் கொடுத்தனர். எழுத்தில் ஏதுமில்லை. அடுத்த தீபாவளிக்கு அதே கரை விசைத்தறிச் சேலையில், பாதி விலையில், கடைக்கு வந்தது. மாதிரிக்குச் செலவான நூலும் கூலியும் சங்கக் கணக்கில் நஷ்டமாக நின்றன. வியாபாரியைக் குறை கூறிப் பயனென்ன? கேட்க வேண்டியதைச் சங்கமன்றோ கேட்கவில்லை!

கூட்டாளியை எங்கே தேடுவது? ஆண்டுக்கணக்கில் நமக்கு நூல் தருவோரிடமும் நம் துணி வாங்குவோரிடமும் முதலில் தேடுக. அவர்தம் நாணயத்துக்கு நம் பேரேடே சாட்சி. நம்மிடம் இல்லாத எதை அவர் கொணர்வார் என்று கேட்க வேண்டும். சிறிய அளவில் ஒருமுறை சோதித்த பின்னரே பெருமுதலை ஈடுபடுத்தல் நலம். புதிய கரையையும் புட்டாவையும் வெளியிடுமுன் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்தல் வேண்டும். சந்தைக்கு வந்தபின் மனுச் செய்வது வீண். பதிவு முதலில் 10 ஆண்டுகள் காக்கும். புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டுகள்.

விவசாயச் சங்கங்களுக்கும் இது பொருந்தும். ஆலையுடன் சேர்ந்து புதிய பருத்தி ரகத்தைச் சோதிப்பதாயின், விளைச்சல் பொய்த்தால் நஷ்டம் யாருடையது என்பதை விதைக்குமுன் எழுதிக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கையே கூட்டுறவின் உயிர் என்பது உண்மை. அவ்வுயிருக்கு உடல் எழுத்து. நிர்வாகக் குழுவினர் இதனை மறவாதிருப்பாராக!