பிடித்த பணம் யாருடையது?

மும்பையில் கம்பெனிகளில் பெயிண்டராகவும் எலக்ட்ரீஷியனாகவும் ஆண்டுக்கணக்கில் உழைத்த நம்மவர் பலர், நாலு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாகக் காண்டிராக்ட் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய முன்னேற்றம். ஆனால் சம்பளக்காரராக இருந்தவரை வரி, பி.எப். கணக்கையெல்லாம் கம்பெனி குமாஸ்தா பார்த்துக்கொண்டார். காண்டிராக்டரான அன்றே அந்த வேலை தம் தலையில் விழுந்துவிட்டதைப் பலர் உணரவில்லை.

ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஒரே கம்பெனியிடம் ஆண்டில் பெறுவது 1 லட்சத்தைத் தாண்டினாலோ, தனிநபர் காண்டிராக்டருக்கு 100-க்கு 1 ரூபாய் வரி பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள். பான் எண் கொடுக்காதவருக்கு 20 ரூபாய். 6 லட்சம் ரூபாய் வேலையில் முன்னவருக்குப் பிடித்தம் 6,000, பின்னவருக்கு 1,20,000!

கம்பெனிக்காரர் விழுங்கிவிட்டார் என்று சிலர் சண்டைக்குப் போகிறார்கள். போனது போனதுதான் என்று வேறு சிலர் கைகழுவுகிறார்கள். இரண்டும் தவறு. அது உங்கள் பெயரில் அரசிடம் இருக்கும் பணம். 2025-26 நிதியாண்டு முதல், புதிய வரி முறையில் 12 லட்சம் வரையுள்ள தொழில் வருமானத்துக்கு வரி இல்லை. ஆகவே நம்மவரில் பெரும்பாலோருக்கு அது முழுதும் திரும்பி வர வேண்டும். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்யாதவருக்கு ஒரு காசும் வராது.

பிடித்த வரியை அரசுக்குக் கட்டாமல் வைத்துக்கொள்ளும் முதலாளிகளும் இல்லாமல் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருமான வரித் துறையின் இணையதளத்தில் உங்கள் எண்ணில் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த வேலை கையில் இருக்கும்போதே கேட்டால்தான் காரியம் நடக்கும்.

ஆண்டு வரவு 2 கோடிக்கு உட்பட்ட சிறு காண்டிராக்டர், முறையான கணக்குப் புத்தகங்கள் இல்லாமலே, பாங்கு மூலம் வந்ததில் 6 சதவிகிதமும் ரொக்கத்தில் 8 சதவிகிதமும் குறைந்தபட்ச லாபமாகக் காட்டச் சட்டம் இடம் தருகிறது. நல்ல சலுகைதான். ஆயினும் மெய்யான லாபம் அதைவிட அதிகமென்றால் அதைத்தான் காட்ட வேண்டும். அதை அறிய ஒரு நோட்டுப் புத்தகமாவது வேண்டாமா? அட்வான்ஸை லாபமென்று எண்ணி ஊருக்கு அனுப்பிவிட்டு, சனிக்கிழமை கூலி கொடுக்க வட்டிக்கு அலைகிறவர்களின் சங்கடமெல்லாம் இந்த நோட்டுப் புத்தகம் இல்லாத சங்கடமே.

மகாராஷ்டிரத்தில் தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாய் தனி. சேவைப் பணிக்கு ஜி.எஸ்.டி. பதிவு, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாகத் தேவை. பதிவில்லாமல் பில்லில் அந்த வரியைச் சேர்த்து வாங்கவே கூடாது.

தாராவியிலும் செம்பூரிலும் முலுண்டிலும் அலுவலகக் கணக்கில் கைதேர்ந்த தமிழர்களுக்குக் குறைவில்லை. விழா எடுக்கும் தமிழ் அமைப்புகள், மாதம் ஒரு ஞாயிறு மாலை மேசை போட்டு இவர்களை உட்கார வைக்கட்டும். பான் அட்டை, பாங்கு பாஸ் புத்தகம், பில் நகல்கள் ஆகிய மூன்றையும் எடுத்து வரச் சொன்னால் போதும்.