கெவ்லார் பற்றிக் கட்டிவிட்ட கதைகள்

கெவ்லார் என்றாலே ஒரு வாய்ப்பாடு தயாராக இருக்கிறது: எஃகைவிட ஐந்து மடங்கு வலிமை, தீப்பிடிக்காது, குண்டு துளைக்காது. பைக் ஜாக்கெட் விற்பவர் சொல்கிறார், கைப்பேசி உறை விற்பவர் சொல்கிறார், அறிவியல் காணொளி போடுகிறவர்களும் மூச்சு விடாமல் சொல்கிறார்கள். மூன்றும் பொய்யல்ல. ஆனால் மூன்றையும் பாதியில் நிறுத்திவிட்டுச் சொல்கிறார்கள். இந்த இழையை நம்பி நெருப்புக்குள் போகிறவர்களும் துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறவர்களும் இருக்கும்போது, மீதியையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதலில் அந்த ஐந்து மடங்கு. 1965-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் இருந்த டூபாண்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபனி குவோலெக் இந்த இழைக்கு வழி திறந்தார். அவர் தேடியது கவசத்தை அல்ல. கார் டயருக்குள் எஃகுக் கம்பிக்குப் பதிலாக வைக்க எடை குறைந்த ஒரு நூல் வேண்டியிருந்தது. கிடைத்த கரைசலோ கலங்கலாக, தண்ணீராக ஓடியது. நூற்பு எந்திரத்தின் நுண்துளைகளை அது அடைத்துவிடும் என்று எந்திரத்தைக் கவனித்தவர் மறுத்தார். குவோலெக் விடாமல் வற்புறுத்தி நூற்க வைத்தார்.

எடையைக் குறைக்கத் தேடிய பொருள் என்பதால் அதன் பெருமையும் எடைக்கணக்கிலேயே எழுதப்பட்டது. ஐந்து மடங்கு என்பது சம எடைக்குச் சொன்னது. கெவ்லாரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.44 கிராம், எஃகுக்கு 7.8 கிராம். அடர்த்தியிலேயே ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. அதைக் கழித்துவிட்டு ஒரே தடிமனில் இரண்டையும் இழுத்துப் பாருங்கள். கெவ்லார் ஏறத்தாழ 3 முதல் 3.6 கிகாபாஸ்கல் வரை தாங்கும். நல்ல பியானோ கம்பி எஃகு 2 முதல் 3 வரை தாங்கும். முன்னே இருப்பது கெவ்லார்தான், ஆனால் ஐந்து மடங்கு எங்கே? வீடு கட்ட வாங்கும் சாதாரணக் கம்பியோடு ஒப்பிட்டாலோ, எடையைக் கணக்கில் சேர்க்காமலே ஐந்து மடங்கு வந்துவிடும். எந்த எஃகு, எடைக்கா தடிமனுக்கா என்று கேட்காதவரை இந்த எண்ணை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம்.

அதுவும் இழுக்கும்போது மட்டும். நீளவாக்கில் அமுக்கினால் இழுவையில் தாங்கியதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தாங்காமல் இழை உள்ளுக்குள் மடிந்துபோகும். காரணத்தைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் வேண்டாம். வீட்டுக்கு இணைய இணைப்புக் கொடுக்க வருபவர் மெல்லிய ஃபைபர் கேபிளின் மேலுறையை உரிக்கும்போது, கண்ணாடி இழையைச் சுற்றிப் பொசுபொசுவென்று மஞ்சள் நூல் வெளியே வரும். அது கெவ்லார் வகையைச் சேர்ந்த அராமிட் நூல். கேபிளை யாராவது இழுத்தால் அந்த இழுவை கண்ணாடிக்குப் போகாமல் தான் வாங்கிக்கொள்வதற்காக அங்கே இருக்கிறது. வீட்டுக் கத்தரிக்கோலை வைத்தால் நூல் அறாது, இரண்டு அலகுகளுக்கும் நடுவே மடங்கி நழுவும். அதற்கென்றே அலகில் நுண்பல் வெட்டிய கத்தரி வைத்திருப்பார்கள். அதில் வெட்டிய பிறகு முனையைப் பாருங்கள். நறுக்கென்று இராது, நெடுக்காகப் பிளந்து பஞ்சு பறந்து நிற்கும். நீளவாக்கில் மூலக்கூறுச் சங்கிலி உறுதியான வேதிப் பிணைப்பால் ஆனது. பக்கத்துச் சங்கிலியோடு அதைச் சேர்த்துப் பிடிப்பதோ அதைவிட வலு குறைந்த ஹைட்ரஜன் பிணைப்பு. இழைக்கு ஒரு திசையில்தான் பலம். மற்றத் திசைகளில் அது சாதாரணம்.

அடுத்தது தீ. இங்கே இரண்டு பொருள்களை ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். தீயணைப்பு வீரர் உடைகளிலும் கார் பந்தய உடைகளிலும் பெரும்பாலும் இருப்பது கெவ்லாரின் உறவினரான நோமெக்ஸ். 1967-ல் சந்தைக்கு வந்தது. இரண்டும் அராமிட்தான். ஆனால் கெவ்லாரின் சங்கிலி நேராக நீள்கிறது, நோமெக்ஸின் சங்கிலி வளைந்து வளைந்து போகிறது. அந்த வளைவால் நோமெக்ஸ் சாதாரணத் துணிபோலத் தைக்கவும் உடுத்தவும் இசைகிறது. வலிமையில் மட்டும் அது நைலான் ரகம்தான். ஆகவே ‘எஃகைவிட வலிமையான, தீப்பிடிக்காத உடை’ என்று விளம்பரம் செய்கிறவர் ஒருவன் உடம்பையும் இன்னொருவன் தலையையும் ஒட்டவைக்கிறார். வலிமை கூட்டுவதற்காக நோமெக்ஸோடு கொஞ்சம் கெவ்லாரைக் கலந்து நெய்வது உண்டு. அப்படிக் கலக்க வேண்டியிருக்கிறது என்பதே இரண்டும் ஒன்றல்ல என்பதற்குச் சான்று.

கெவ்லாரும் உருகாது. காற்றில் 427 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் அது சிதையத் தொடங்கும். இந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் 160 டிகிரியில் 500 மணி நேரம் வைத்தால் வலிமையில் சுமார் 10 சதவீதம் போய்விடும். 260 டிகிரியில் 70 மணி நேரத்தில் பாதி போய்விடும். இழை பார்வைக்கு அப்படியே இருக்கும், கருகியிருக்காது. கயிறாகவோ பெல்ட்டாகவோ அதை நம்பித் தொங்கவிட்டவருக்குத்தான் கஷ்டம்.

தீப்பிடிக்காது என்பதற்கு வருவோம். ஒரு பொருள் தொடர்ந்து எரியக் காற்றில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. நோமெக்ஸுக்கு அது 28 முதல் 30 வரை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அதனால்தான் தீக்குச்சியை நீட்டினால் துணி கருகுகிறது, எடுத்தால் அணைந்துவிடுகிறது. துணிக்குள்ளே மாயம் ஒன்றும் கிடையாது. பாதிப் பாதுகாப்பு நம் காற்றின் கலவையில் இருக்கிறது.

காற்றை மாற்றினால் என்ன ஆகும் என்பதை 1967 ஜனவரி 27 காட்டியது. கேப் கென்னடி ஏவுதளத்தில் அப்போலோ 1 விண்கலத்துக்குள் கஸ் கிரிஸ்ஸம், எட் வைட், ரோஜர் சாஃபி மூவரும் ஒத்திகையில் இருந்தார்கள். உள்ளே வெளிக்காற்றைவிடச் சற்றுக் கூடுதல் அழுத்தத்தில் முழு ஆக்சிஜன் நிரப்பியிருந்தார்கள். அவர்கள் உடையின் வெளி அடுக்கு நோமெக்ஸ். தீப்பற்றியதும் கலத்துக்குள் இருந்த நைலான் வலைகளோடும் நுரைகளோடும் அந்த உடையும் எரிந்தது. மூவரின் சாவுக்கும் முதன்மைக் காரணம் நச்சுப்புகை என்று விசாரணை சொன்னது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் அதன் பிறகு நாசா விண்வெளி உடையின் வெளிப்புறத்துக்கு டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணியைக் கொண்டுவந்தது. ஏவுதளத்தில் கலத்துக்குள் 60 சதவீதம் ஆக்சிஜன், 40 சதவீதம் நைட்ரஜன் என்று காற்றையும் மாற்றியது. தீப்பிடிக்காத துணி என்று ஒன்று இருந்திருந்தால் இதற்கெல்லாம் வேலையே இல்லை.

இதற்கு உடனே வரும் பதில், ‘அப்படியென்றால் கார் பந்தய வீரர் குரோஜான் எப்படிப் பிழைத்தார்?’ நியாயமான கேள்வி. 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைன் பந்தயத்தில் ரோமன் குரோஜானின் கார் தடுப்பைப் பிளந்துகொண்டு போய் இரண்டாக ஒடிந்து தீப்பிழம்பானது. 27 வினாடிகள் கழித்து அவர் வெளியே வந்தார், ஒரு காலணியை உள்ளேயே விட்டுவிட்டு. இரண்டு புறங்கைகளிலும் தீக்காயம். அவரைக் காப்பாற்றியதில் உடைக்கும் பங்கு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் அந்த உடையின் தர விதியையும் படிக்க வேண்டும். சோதனைத் தீச்சுடரின் முன் வைத்தால் துணியின் பின்பக்கம் 24 டிகிரி கூடுவதற்குக் குறைந்தது 12 வினாடிகள் ஆகவேண்டும் என்பதுதான் 2018-ல் வந்த விதி. அந்த 12 வினாடிகளையும் தனி ஒரு துணி தருவதில்லை. மேல் உடையின் பல அடுக்குகள், அவற்றுக்கு நடுவே அடைபட்ட காற்று எல்லாம் சேர்ந்துதான் தாமதப்படுத்துகின்றன. கையுறையில் விரல் அசைய வேண்டும், ஸ்டியரிங் பிடிபட வேண்டும், ஆகவே தடிமன் குறைவு. காயம் கையில் பட்டது தற்செயல் இல்லை.

தீயணைப்பு வீரரின் கனத்த கோட்டுக்கும் இதே கதைதான். அமெரிக்க விதி கேட்கும் குறைந்தபட்ச அளவைக் கணக்கிட்டால், அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றி எரியும் வெப்பத்தில் தோல் கொப்பளிக்க 17.5 வினாடிகள் ஆகும். மனிதத் தோலுக்கு 44 டிகிரியில் வலி தொடங்கும், 55 டிகிரியில் கொப்பளிக்கும். வெளியே சில நூறு டிகிரி. கோட்டு வெப்பத்தைத் தடுத்துவிடுவதில்லை, தாமதமாக உள்ளே விடுகிறது. தேங்கிய வெப்பம் வீரர் வெளியே வந்து முழங்காலை மடக்கும்போதுகூடச் சுடும். வியர்வையில் நனைந்த உள்ளாடையிலிருந்து எழும் ஆவியும் சுடும். அராமிட் துணியின் உண்மையான பெருமை வேறிடத்தில் இருக்கிறது. அது பாலியெஸ்டர் போல உருகித் தோலில் ஒட்டுவதில்லை. கருகித் தடித்து, தன் இடத்திலேயே நிற்கிறது. அந்தச் சில வினாடிகளும் அதிலிருந்துதான் கிடைக்கின்றன.

குண்டு விஷயத்தில் நீட்ட வேண்டியதில்லை. பல அடுக்கு அராமிட் துணி, ஈயக் குண்டைச் சப்பையாக்கி அதன் வேகத்தை அகலமாகப் பரப்பி நிறுத்துகிறது. அமெரிக்க நீதித்துறையின் பழைய தரவரிசையில் துணிக் கவசத்துக்கு மேலிடம் 3ஏ. அதில் வினாடிக்கு 436 மீட்டர் வேகத்தில் வரும் .44 மேக்னம் கைத்துப்பாக்கிக் குண்டு வரைக்கும்தான் சோதனை. ஏகே ரகத் துப்பாக்கியின் குண்டு 700 மீட்டருக்கு மேல் வேகத்தில் வரும், கூர்மையாகவும் இருக்கும். அதற்குப் பீங்கான், எஃகு போன்ற தகடு செருக வேண்டும். குண்டு நின்றாலும் அடி நிற்காது. சோதனையில் கவசத்துக்குப் பின்னால் வைத்த களிமண்ணில் 44 மில்லிமீட்டர் வரை குழிவதை அந்தத் தரமே அனுமதிக்கிறது. கத்திக்குத்துக்கோ தனித் தரம், தனி நெசவு. குண்டை நிறுத்தும் அதே சட்டையின் இழைகளை ஊசிமுனை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

‘வலிமையும் வெப்பத் தாங்குதலும் அதிகமான இழை எதுவோ அதுவே நல்ல கவசம்’ என்ற அடிப்படை எண்ணத்தையே ஸைலான் கவிழ்த்துவிட்டது. அது அராமிட் அல்ல, வேறு வகை இழை. கெவ்லாரைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இழுவிசை தாங்கும், 650 டிகிரி வரை சிதையாது. விளம்பரக்காரர்களின் இரண்டு எண்களிலும் அதுதான் முதலிடம். அதில் கவசம் தைத்து அமெரிக்கப் போலீசாருக்குக் கொடுத்தார்கள். 2003-ல் பென்சில்வேனியாவில் ஒரு போலீஸ்காரர் அணிந்திருந்த கவசத்தை, அது தாங்கியிருக்க வேண்டிய குண்டே துளைத்தது. ஈரத்திலும் வெளிச்சத்திலும் ஸைலான் வலுவிழப்பது ஆய்வில் தெரிந்தது. 2005-ல் ஸைலான் கவசங்களுக்கான தர ஏற்பு விலக்கப்பட்டது. அராமிட் ஈரத்தை இதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சள் பழுப்பாகி வலுவும் குறையும். பிளீச்சிங் பவுடர் அதற்கு ஆகவே ஆகாது.

கடைக்குப் போய்க் கெவ்லார் ரைடிங் ஜீன்ஸ் வாங்குபவர் அதை உள்பக்கம் திருப்பிப் பார்க்கலாம். பல ஜோடிகளில் மஞ்சள் துணி முழங்காலிலும் இடுப்பிலும் மட்டும் ஒட்டுப்போட்டிருக்கும், மீதியெல்லாம் வெறும் டெனிம். இழையின் பெயரை விட்டுவிட்டு லேபிளில் இஎன் 17092 என்ற எண்ணைத் தேடுங்கள். பக்கத்தில் ஏ, ஏஏ, ஏஏஏ என்று ஒரு வகுப்பு அச்சிட்டிருக்கும். துணியைச் சுழற்றிக் கான்கிரீட் தளத்தில் தேய்த்துப் பார்த்துக் கொடுத்த வகுப்பு அது. அது இல்லாத ஜோடியை விலை குறைவு என்றாலும் விட்டுவிடலாம்.