சிட்டிகை அளவில் சித்தர் ஆவதா?

“குற்றாலம் சித்தர் பூமி. அவர்களுக்குக் கஞ்சா மருந்து. போதை ஏறாத அளவில் எடுத்தால் மனம் கூர்மையாகும், கெடுதல் இல்லை.” சாரல் காலத்தில் தென்காசி, குற்றால விடுதிகளில் புழங்கும் வாதம் இது.

முதலில், சித்த மருத்துவம் கஞ்சாவை அப்படியே தருவதில்லை. சுத்தி செய்து, பிற சரக்குகளோடு சேர்த்து, நோயறிந்து, பத்தியம் சொல்லித் தருகிறது. மருந்து விதிகளின் இ-1 அட்டவணை அதை நச்சுப் பொருளாகவே வைத்திருக்கிறது. பொட்டலக்காரர் யாருக்கு நாடி பார்த்தார்?

அடுத்து, ‘கூர்மை’. இது சித்தர் சரக்கல்ல, எல்.எஸ்.டி. என்னும் போதைப்பொருளைப் போதை ஏறாத நுண்ணளவில் எடுப்பவர்களிடம் கடன் வாங்கியது. அங்கேயும் அந்த வாதம் நிற்கவில்லை. 2021-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வில் 191 பேர், எது மருந்து எது வெற்று உறை என்று அறியாமல் விழுங்கினார்கள். வெற்று உறை விழுங்கியவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். அருவியில் குளித்தாலே தெளிகிற தலைக்கு இது எதற்கு?

கடைசியாக, சட்டம். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாவில் ‘சிறு அளவு’ ஒரு கிலோ வரை. அது தண்டனையைக் குறைக்குமே தவிர, குற்றத்தை அழிக்காது. சிட்டிகை வைத்திருந்தாலும் ஓராண்டு வரை சிறை உண்டு.