எண்ணைப் பூட்டி வைக்கலாமா?

10 என்றால் டெண்டுல்கர். 7 என்றால் டோனி. கிரிக்கெட் பார்க்கும் சிறுவனும் சொல்லிவிடுவான்!

2017-ம் ஆண்டு கொழும்பில் ஒரு நாள் கிரிக்கெட். ஷர்துல் தாக்கூர் என்ற இளம் பந்து வீச்சாளர் முதன் முதலாக இந்திய அணியில் இறங்கினார். அவர் சட்டையில் 10!

டெண்டுல்கர் எண்ணை இவர் எப்படிப் போடலாம் என்று ரசிகர்கள் சீறினார்கள். பின்னர் அவர் 54-க்கு மாறினார். 2023-ல் டோனியின் 7-க்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

நானும் டெண்டுல்கர் ரசிகன்தான். ஆனாலும் இது சரியல்ல என்பேன்.

பிரேசில் நாட்டைப் பாருங்கள். 1958-ல் சுவீடனில் உலகக் கோப்பை கால்பந்துப் போட்டி நடந்தது. பிரேசில் வீரர்களுக்கு எண்கள் தாறுமாறாகக் கிடைத்தன. 1-ம் எண் அணிய வேண்டிய கோல் காப்பாளருக்கு 3 கிடைத்தது! 17 வயதுப் பையன் ஒருவனுக்கு 10 விழுந்தது.

அந்தப் பையன்தான் பீலே! கோப்பையை பிரேசில் வென்றது. 10-ம் எண்ணும் உலகப் புகழ் பெற்றது. எண்ணால் பீலேக்குப் பெருமை வரவில்லை. பீலேயால் எண்ணுக்குப் பெருமை வந்தது.

பிரேசில் அந்தச் சட்டையைப் பெட்டியில் பூட்டவில்லை. ஜிக்கோ அணிந்தார். ரிவால்டோ அணிந்தார். ரொனால்டினோ அணிந்தார். நெய்மார் அணிந்தார். பீலேயின் புகழ் குறைந்ததா? இல்லையே!

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். அதனால் தாத்தாவின் மதிப்பு போய்விடுகிறதா? பெயர் அல்லவா நிலைக்கிறது!

10-ஐயும் 7-ஐயும் இளைஞர்களிடம் கொடுங்கள். திட்டாதீர்கள். தட்டிக்கொடுங்கள்!