ஒரே மூட்டை விதை, இரண்டு மண்

தகுதி, திறமை என்று ஆரம்பிக்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம் ரத்தம்தான். "அதெல்லாம் பரம்பரையா வரணும் சார், கோட்டா குடுத்தா வந்துடுமா?" வங்கியில் வேலை பார்க்கும் நமக்கு இது மாசம் ஒரு தடவையாவது காதில் விழும். சாஸ்திரம் இனி எடுபடாது என்று தெரிந்தவர்களுக்கு இப்போது மரபணு கிடைத்திருக்கிறது. சரி, அந்த மரபணுவையே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஒருவர் என்ன சொன்னார்?

ரிச்சர்ட் லெவான்டின். 1929இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1954இல் கொலம்பியாவில் டாக்டர் பட்டம். ராச்செஸ்டர், சிகாகோ என்று கற்பித்து 1973இல் ஹார்வர்டு சேர்ந்தார். 1966இல் ஹப்பியோடு சேர்ந்து பழ ஈக்களின் புரதங்களைப் பிரித்துப் பார்த்து, ஒரே உயிரினத்துக்குள் எவ்வளவு மரபு வேறுபாடு மண்டிக் கிடக்கிறது என்று காட்டினார். 1972இல் அதே கேள்வியை மனிதர்களிடம் கொண்டுவந்தார். 17 மரபணுக்கள், 'இனம்' என்று உலகம் பிரித்து வைத்த 7 பிரிவுகள். வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. இனத்துக்கும் இனத்துக்கும் நடுவில் 6 சதவீதம் சொச்சம்.

இதைவிட நமக்கு முக்கியமானது வேறொன்று. கறுப்பர்-வெள்ளையர் குழந்தைகளின் அறிவுச் சோதனை மதிப்பெண் வித்தியாசத்தில் மரபுக்குப் பெரிய பங்கு இருக்கலாம் என்று 1969இல் ஆர்தர் ஜென்சன் எழுதினார். 1970இல் லெவான்டினின் பதில்: ஒரே மூட்டையிலிருந்து இரண்டு கை விதை அள்ளு. ஒன்றைச் சத்துள்ள தொட்டியிலும் மற்றதைச் சத்துக் குறைந்த தொட்டியிலும் போடு. ஒரு தொட்டிக்குள் எல்லாச் செடிக்கும் ஒரே தீனி என்பதால், அங்கே உசரம் குட்டை வருவது விதையால். ஆனால் இந்தத் தொட்டிக்கும் அந்தத் தொட்டிக்கும் உள்ள வித்தியாசம்? முழுக்க மண்ணால். உள்ளே மரபு காரணம் என்றால் வெளியிலும் மரபே காரணம் என்று தாவ முடியாது. இந்த ஒரு கணக்கு போதும், பாதி 'மெரிட்' பேச்சு உட்கார்ந்துவிடும்.

ரகசிய ராணுவ ஆராய்ச்சியை எதிர்த்து 1971இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்திலிருந்து விலகியவர் அவர். தான் உழைக்காத மாணவர் கட்டுரையில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளாத பேராசிரியர். நம் ஊர் 'கைடு'களிடம் மாட்டி முழிக்கிற ஆராய்ச்சி மாணவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சாதி இனப்பிரிவு அல்ல, ஒரே இனத்து மக்களைக் கூறுபோட்ட சமூகப் பிரிவு என்று அம்பேத்கர் 1936இலேயே சொல்லிவிட்டார். "அகமணம் மரபணுவில் தடம் விட்டிருக்கே?" என்பார்கள். விட்டிருக்கிறது, யார் இல்லையென்றது? இந்த நாட்டு மக்கள் ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன்புவரை கலந்தே வந்தார்கள், பிறகுதான் அகமணம் இறுகியது என்று 2013இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அந்தத் தடம் சுவர் கட்டப்பட்டதற்குச் சாட்சி. சுவருக்கு அந்தப் பக்கம் மூளை அதிகம் என்பதற்கு அல்ல.

லெவான்டின் 2021இல் இறந்தார். ஜென்சன்கள் தீரவில்லை, புதுக் கருவிகளோடு வருவார்கள். அவர்களுக்கு மேடையில் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது. நம் பிள்ளைகள் மரபியல் துறைக்குள் போக வேண்டும். ஆய்வுக்கூடச் சாவி அவர்கள் கையிலும் இருக்க வேண்டும். விதையை அளக்க வருகிறவனிடம், முதலில் மண்ணை அளந்தாயா என்று உள்ளேயிருந்தே கேட்க ஆள் வேண்டும்.