கடலுக்கு 100 கிலோமீட்டர் உள்ளே

ஜெர்மனியின் மிகப் பெரிய துறைமுகம் ஹாம்பர்க் என்று படித்தவர்களில் பலர், அதைக் கடற்கரை நகரமாகவே மனதில் வைத்திருக்கிறார்கள். வரைபடத்தை விரித்துப் பார்த்தால், வட கடல் அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. நகரம் இருப்பது எல்பே ஆற்றங்கரையில்.

கடல் இல்லையே தவிர, கடலின் ஏற்றவற்றம் அங்கே உண்டு. செக் நாட்டு மலைகளில் பிறந்து வரும் எல்பேயை எதிர்த்து, வட கடலின் ஓதம் தினமும் இரண்டு முறை ஹாம்பர்க் வரை ஏறி வருகிறது. துறைமுகத்தில் தண்ணீர் 3 மீட்டருக்கு மேல் உயர்ந்து தாழ்கிறது. ஏறும் தண்ணீரோடு கப்பல்கள் உள்ளே வந்தன. சரக்கோ உள்நாட்டுக்குள் 100 கிலோமீட்டர் தரைவழிச் செலவில்லாமல் போய்ச் சேர்ந்தது. ஹாம்பர்க் பணக்கார ஊரானதற்கு அடிப்படை இதுதான். அதே தண்ணீர் யாருடைய வீட்டுக்குள் புகுந்தது, அதைத் தடுக்கும் செலவை யார் தள்ளிப்போட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நகரத்தின் வரலாறு விளங்கும்.

ஹாம்பர்க்குக்கு அரசரோ பிஷப்போ எஜமானராக இல்லை; வணிகர்கள் தாங்களே ஆண்ட சுதந்திர நகரம் அது. இன்றும் ஜெர்மன் கூட்டாட்சியில் அது தனி மாநிலம். இந்தத் தன்னாட்சியை அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைக்கு நியாயமும் இருக்கிறது. 1842 மே மாதத் தீயில் பழைய நகரின் ஒரு பெரிய பகுதி எரிந்துபோன பிறகு, வில்லியம் லிண்ட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளரைக் கொண்டு அவர்கள் கட்டிய பாதாளச் சாக்கடை, ஐரோப்பியக் கண்டத்தில் முன்னோடியான ஒன்று. வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரும் வந்தது.

அந்தத் தண்ணீரை மணலில் வடிகட்ட வேண்டும் என்று லிண்ட்லி சொன்னார். அது மட்டும் நடக்கவில்லை. நகர அவையில் சொத்துக்காரர்களின் குரலே ஓங்கியிருந்தது. செலவு யார் தலையில் விழும் என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. எல்பேயின் தண்ணீர் தொட்டியில் சற்றுத் தெளிய வைக்கப்பட்டு அப்படியே குழாயில் போனது.

1892 ஆகஸ்டில் காலரா வந்தது. அறிவித்தால் கப்பல்கள் நின்றுவிடும், வணிகம் கெடும் என்று அதிகாரிகள் முதல் சில நாள் வாயைத் திறக்கவில்லை. சில வாரங்களில் சுமார் 8,600 பேர் இறந்தார்கள். பெர்லினிலிருந்து கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோஹ் வந்து பார்த்தபோது, காரணம் தெருவிலேயே எழுதிவைத்ததுபோல் இருந்தது. ஹாம்பர்க்கை ஒட்டியே இருந்தது பிரஷ்யாவுக்குச் சொந்தமான ஆல்டோனா நகரம். நடுவில் சுவர் இல்லை. ஒரே தெருவின் ஒரு பக்கம் ஹாம்பர்க், மறுபக்கம் ஆல்டோனா. ஆல்டோனா தண்ணீர் எடுத்ததோ ஹாம்பர்க்கின் கழிவெல்லாம் கலந்த பிறகு, ஆற்றின் கீழ்ப்பகுதியில். ஆனால் அதை மணலில் வடிகட்டியது. தெருவின் ஹாம்பர்க் பக்கத்தில் சாவு. ஆல்டோனா பக்கம் ஏறக்குறையத் தப்பியது. ஹாம்பர்க் எல்லைக்குள் இருந்தும் ஆல்டோனா குழாயில் தண்ணீர் பிடித்த ஒரு குடியிருப்பு வளாகத்தை நோய் தொடவில்லை. மண் ஒன்று, காற்று ஒன்று, மக்களும் ஒரே மாதிரி. வேறுபட்டது தண்ணீர் மட்டுமே. மறு ஆண்டே கால்டேஹோஃபே தீவில் வடிகட்டும் நிலையம் ஓடத் தொடங்கியது. பொதுச் சுகாதாரத்துக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

சுற்றுலா வருகிறவர்கள் வியந்து படம் பிடிக்கும் செங்கல் கிடங்குகளின் வரிசை, ஷ்பைகர்ஸ்டாட், அதே காலத்தில் எழுந்ததுதான். காப்பி, மிளகு, கம்பளம் எல்லாம் வரியில்லாமல் இறக்கிவைக்க 1883 முதல் அதைக் கட்டினார்கள். 2015இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. அந்த இடத்தில் ஏற்கெனவே குடியிருந்த சுமார் 20,000 பேரை அப்புறப்படுத்திவிட்டே அது எழுந்தது என்பதையும் படம் பிடிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நகரின் தென்கிழக்கு ஓரத்தில் நோயன்காமெ இருக்கிறது. நாஜிகளின் வதைமுகாம் அங்கே அமைந்ததற்குக் காரணம் களிமண். ஆற்றங்கரையில் எழுப்பத் திட்டமிட்ட கட்டடங்களுக்குச் செங்கல் வேண்டும் என்று நகர நிர்வாகமே ஒப்பந்தம் போட்டது. படகில் செங்கல் ஏற்றக் கால்வாய் வெட்டியவர்கள் கைதிகள். அந்த முகாமிலும் கிளைகளிலும் 40,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1943 ஜூலையில் நேச நாடுகளின் குண்டுவீச்சு மூட்டிய தீயில் எரிந்த தொழிலாளர் பேட்டைகளை நகரம் உடனே நினைவுகூரத் தொடங்கியது. ஆனால் முகாம் இருந்த நிலத்தில் போருக்குப் பின் சிறைச்சாலை நடத்தியது. நினைவிடம் முழு உருவம் பெற்றது 2005இல்தான்.

1962 பிப்ரவரி 16 இரவு, புயல் வட கடலை ஆற்றுக்குள் தள்ளியது. கரைகள் உடைந்து ஹாம்பர்க்கில் 315 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வில்ஹெல்ம்ஸ்பர்க் தீவின் தாழ்நிலத்தில், தோட்டக் குடிசைகளில் தூங்கிக்கொண்டிருந்த ஏழைகள். சட்டம் இடம் கொடுக்கிறதா என்று பார்க்காமல் ராணுவத்தை அழைத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றிய நகரின் காவல்துறைப் பொறுப்பாளர் ஹெல்முட் ஷ்மிட், பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் சான்சலரானார். கரைகளை உயர்த்தினார்கள். 1976இல் தண்ணீர் அதைவிட உயரமாக வந்தபோது நகரம் தாங்கியது.

பெரிய கன்டெய்னர் கப்பல்களுக்காக எல்பேயை மறுபடி மறுபடி ஆழப்படுத்துகிறார்கள். ஆழமான வழியில் ஓதம் இன்னும் வேகமாக ஏறுகிறது. ஏறும்போது சேற்றையும் கொண்டுவருகிறது. ஆண்டுதோறும் வாரும் சேற்றைக் கொட்ட ஹாம்பர்க் வட கடலில் இடம் கேட்கிறது. கொட்டினால் மீனும் கரையும் பாழாகும் என்று கடலோர மாநிலங்கள் எதிர்க்கின்றன. ஆழப்படுத்தத் தீர்மானிக்கும்போதே சேற்றின் செலவையும் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.